ஏழு தகப்பன்மார் பூட்டு

ஒரு மனிதன் எதை எண்ணி மிக அதிகமாகப் பெருமைப்படுகிறானோ, அதையே ரகசியமாகவும் வைத்துக்கொள்ள அவனால் முடியுமா? ரிஸ்கெல்தியுடன் பழகிய எல்லோருக்கும் ஏதாவது ஒரு நாளில் இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. அவருக்கு மட்டும் எழவில்லை.

நரின் என்ற எங்கள் மலை நகரத்தின் குதிரைப் பதிவகத்தில் அவருக்கு அடுத்த மேசை என்னுடையது. கணினி பார்ப்பது அவர் வேலை. உரிமைச் சான்றிதழ் அச்சடித்து முத்திரை குத்துவது என் வேலை. கனத்த உடம்பு, கனத்த குரல், வெள்ளைக் கம்பளித் தொப்பி. அலுவலகத்துக்குள் புதிதாக யார் வந்தாலும் அவர் கேட்பது ஒன்றுதான்.

"ஏழு தகப்பன்மார் பேரைச் சொல்லு பார்ப்போம்."

தகப்பன், அவன் தகப்பன், அவனுக்கும் தகப்பன் என்று ஏழு தலைமுறைப் பெயர் தெரியாதவன் எங்கள் பக்கத்தில் அரை மனிதன். பெண் கேட்டுப் போகும்போது இரண்டு வீட்டு ஏழுக்குள்ளும் பொதுவாக ஒரு பெயர் வந்துவிட்டால் கல்யாணம் கிடையாது. அந்த அளவில் இது பயனுள்ள ஏற்பாடுதான். ரிஸ்கெல்தி இதைப் பதக்கம் போல நெஞ்சில் குத்திக்கொண்டு திரிந்தார். குதிரை பதிய வந்தவன் ஐந்தாவது பெயரில் தடுமாறினால் தீர்ந்தது. "ஐஞ்சுலயே நின்னுட்டியே தம்பி, உன் குதிரையைக் கேட்டா மிச்சத்தையும் சொல்லும்போல" என்று ஊருக்கே கேட்கும்படி சிரிப்பார். அவருடைய ஏழும் ஒரே மூச்சில் வரும்: தோலோமுஷ், அசனாலி, பைசால், சொரோபாய், சாத்தி, எல்சிபெக், கராபுகா. இந்த ஏழு பேரில் யாராவது எதையாவது செய்தார்களா என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், படிப்படியாக ரிஸ்கெல்தியைப் பெற்றெடுத்தார்கள் என்பதே அவர் பதிலாக இருந்திருக்கும்.

எங்கள் பதிவகம் ஒரு வெப்சைட் வைத்திருந்தது. குதிரைத் திருட்டு எங்களுக்குப் புதிதல்ல. சந்தையில் குதிரை வாங்கப் போகிறவன் நின்ற இடத்திலேயே கைபேசியில் எங்கள் பக்கத்தைத் திறந்து, அதன் தொடையில் சுட்டிருக்கும் எண்ணைத் தட்டுவான். சொந்தக்காரன் யார் என்று பக்கம் சொல்லும். விற்கிறவன் வேறு ஆளாக இருந்தால் போலீசுக்கு வேலை வரும். இந்தப் பக்கத்தை ஊருக்குக் காட்டிய சர்வர் ரிஸ்கெல்தியின் மேசைக்கு அடியில் இருந்தது. குளிர்காலத்தில் அதன்மீது கால் வைத்துச் சூடு காய்வார். குதிரைகளின் விவரமெல்லாம் முதலில் அதே பெட்டிக்குள்தான் இருந்தது. ஒரு குளிர்காலத்தில் மின்சாரம் போயும் வந்துமாக இருந்ததில் அந்தப் பெட்டி பாதி மாவட்டத்துக் குதிரைகளை மறந்துபோனது. தலைமையகம் பயந்து விவரங்களையெல்லாம் தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு தரவுத்தளத்துக்கு மாற்றிவிட்டது. பக்கம் இங்கே, குதிரைகள் அங்கே, நடுவில் மலை. இங்கே ஒருவன் எண்ணைத் தட்டினால் எங்கள் சர்வர் பிஷ்கெக்குக்கு ஓடிப்போய் விவரத்தைக் கேட்டு வந்து சொல்ல வேண்டும். அந்தப் போக்குவரத்தை ஏற்படுத்தித் தருவது ரிஸ்கெல்தியின் பொறுப்பு.

ஏற்படுத்திய மறுநாளே ஓடிப்போன சர்வர் வெறுங்கையோடு திரும்பி வந்தது. இந்த இடத்திலிருந்து வரும் ரிஸ்கெல்திக்கு அனுமதி இல்லை என்று திரையில் ஒரு வரி. அவர் அதைச் சொந்த அவமானமாக எடுத்துக்கொண்டார். பிஷ்கெக்கில் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்த குல்சுனாயைத் தொலைபேசியில் பிடித்தார். அவளும் நரின்காரிதான், மூத்தவரை அண்ணன் முறையில் 'பைகே' என்றே கூப்பிடுகிறவள். ஆனால் தலைநகரத்துக்குப் போய்க் கொஞ்சம் பொறுமையைத் தொலைத்திருந்தாள்.

"ஏம்மா, என் பேரைச் சொல்லியும் உள்ள விடலையாமே உன் பெட்டி?"

"பைகே, அது பேரை மட்டும் பார்க்காது. பேரு என்ன, எங்கேருந்து வர்றீங்க, ரெண்டையும் சேர்த்துத்தான் பார்க்கும். நேத்து ஒரு முகவரியிலேருந்து வந்தீங்க, பதிஞ்சு வச்சேன். இன்னைக்கு வேற முகவரியிலேருந்து வர்றீங்க. அதுக்கு நீங்க வேற ஆளு."

"நான் பொறந்ததுலேருந்து நரின்ல ஒரே தெருவுல இருக்கேன்!"

"நீங்க இருக்கீங்க. உங்க இன்டர்நெட் இருக்கணுமே. கரண்ட் போயிட்டு வந்தா உங்களுக்கு இணைப்பு குடுக்குறவன் புது முகவரி போட்டுடுறான்."

நரினில் குளிர்காலத்து மின்சாரம் விருந்தாளி மாதிரி. வரும், உட்காராது. ஒவ்வொரு முறை வரும்போதும் எங்கள் முகவரி மாறியது. ஒவ்வொரு முறையும் ரிஸ்கெல்தி பிஷ்கெக்கை அழைத்துத் தன்னை யாரென்று சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. தன்னை யாரென்று சொல்வது அவருக்குப் பிடித்த வேலைதான். ஆனால் மறுமுனையில் இருந்தவளுக்கு ஏழு பெயரும் வேண்டியிருக்கவில்லை, வெறும் எண்கள் போதும் என்றாள். அதில்தான் கசப்பு.

"பைகே, இதுக்கு ஒரு வழி இருக்கு" என்றாள் குல்சுனாய். "உங்க மெஷினுக்கும் என் மெஷினுக்கும் நடுவுல மட்டும் சுரங்கம் மாதிரி ஒண்ணு போட்டுடலாம். முகவரி மாறினாலும் கவலையில்ல. வேற யாரும் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. அரை நாள் வேலை. நான் சொல்லச் சொல்ல நீங்க அடிங்க."

"சுரங்கமா? நான் என்ன பெருச்சாளியா? எங்க வம்சத்துல செத்தவங்களைத் தவிர யாரும் மண்ணுக்கடியில போனதில்ல."

"அப்ப தினமும் எனக்கு போன் பண்ணிக்கிட்டே இருங்க."

அவர் போன் பண்ணவில்லை. பிஷ்கெக் போகும் வேன் ஓட்டுநர் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினார். குதிரையின் விலாக்கறியைக் கொழுப்போடு அதன் குடலிலேயே திணித்துச் செய்த காஸி, கை நீளத்துக்கு. தலைநகரத்துக் கடைகளில் காஸி என்ற பெயரில் விற்பதைத் தின்று வாழ்கிற நரின்காரியை வீழ்த்த அது போதும். மறுநாள் குல்சுனாயின் குரலில் எண்ணெய் தடவியிருந்தது.

"சரி பைகே. எங்கேருந்து வர்றீங்கங்கிற இடத்துல ஒரு சதவீதக் குறி போட்டு வைக்கிறேன். எந்த ஊருலேருந்து வேணா வரலாம்னு அர்த்தம். தற்காலிகமாத்தான். கேட்டுக்கோங்க, இப்போ உலகத்துல எவன் வேணா கதவு வரைக்கும் வரலாம். பாஸ்வேர்டு ஒண்ணுதான் பூட்டு. அதைத் தாண்டி வந்தவன் குதிரையோட சொந்தக்காரன் பேரையே மாத்திடலாம். நல்ல நீளமா, யாராலயும் கண்டுபிடிக்க முடியாததா வைங்க."

ரிஸ்கெல்தி கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு புன்னகை பரவியது. பெண் கேட்டு வந்தவர்கள் முன்னால் உட்காரும்போது வருகிற புன்னகை. இரண்டு விரல்களால் தட்டத் தொடங்கினார். திரையில் பாஸ்வேர்டின் பலத்தைக் காட்டும் கோடு சிவப்பிலிருந்து மஞ்சளாகி, பச்சையாகி, அதற்குமேல் போக இடமில்லாமல் நின்றது. எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"பார்த்தீங்களா? மெஷினே ஒத்துக்கிச்சு."

பாஸ்வேர்டு என்ன என்று அவர் சொல்லவில்லை. ஆனால் தட்டும்போது உதடு அசைந்துகொண்டிருந்தது. மூன்றாவது பெயரிலேயே அலுவலகம் முழுவதும் புரிந்துகொண்டது.

"பைகே, அது ஊருக்கே தெரிஞ்சதாச்சே" என்றேன்.

"தெரிஞ்சா என்ன? இன்னொருத்தனோட தகப்பன்மாரைத் தன் தகப்பன்மார்னு எவன் சொல்லுவான்? நாக்கு கூசாது?"

இதை அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. இதுவே அவருடைய பாதுகாப்பு ஏற்பாடு. உலகத்தில் மற்றவர்கள் பூட்டை இரும்பில் செய்தார்கள், கணக்கில் செய்தார்கள். ரிஸ்கெல்தி வெட்கத்தில் செய்தார், அதுவும் அடுத்தவனுடைய வெட்கத்தில். மனிதர்களைப் பற்றி இவ்வளவு உயர்ந்த எண்ணம் ஒருவருக்கு இருப்பதைப் பாராட்டலாம் என்று முதலில் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் அது மனிதர்களைப் பற்றிய எண்ணமே அல்ல. தன் ஏழு பேரைப் பற்றிய எண்ணம்.

அந்தக் கோடையில் அவருடைய மகளை மமிர்கானின் மகனுக்குப் பெண் கேட்டு மமிர்கான் வீட்டார் வந்தார்கள். மமிர்கானுக்கு மலைக்குத் தெற்கே ஒரு கிராமம். வாரம் முழுதும் பள்ளிக்கூடத்தில் கணினி வாத்தியார், ஞாயிற்றுக்கிழமை சந்தையில் குதிரைத் தரகர். மாணவனானாலும் குதிரையானாலும் வாயைத் திறக்கச் சொல்லித்தான் தரம் சொல்வார் என்று ஒரு பேச்சு உண்டு. ஏழு பெயர் சொல்லும் கட்டம் வந்தது. மமிர்கான் தன்னுடையதைக் கடமைக்குச் சொல்லி முடித்தார். ரிஸ்கெல்தி எழுந்து நின்று சொன்னார். பொதுப் பெயர் ஒன்றும் இல்லை. கோப்பைகள் நிறைந்தன, காலியாயின. மூன்றாவது கோப்பைக்குப் பிறகு ரிஸ்கெல்தி சம்பந்தியின் தோளில் கை போட்டார். சம்பந்தியை எங்கள் பக்கத்தில் குதா என்போம்.

"குதா, இந்த ஏழு பேரு சும்மா இல்ல. பிஷ்கெக்ல ஒரு கதவு இருக்கு. இந்த ஏழைச் சொன்னாத்தான் திறக்கும்."

"அப்படியா குதா?" என்றார் மமிர்கான். "கொஞ்சம் மெதுவா திருப்பிச் சொல்லுங்க, குறிச்சுக்கிறேன். நாளைக்குப் பேரப்பிள்ளைங்களுக்குச் சொல்லித் தரணும்ல."

மகன் வழிப் பேரப்பிள்ளைகள் எண்ணப்போவது மமிர்கானின் தகப்பன்மாரை. அவர்களுக்கு எதற்கு அம்மா வீட்டு ஏழு பெயர்? அந்த விருந்தில் யாரும் இதை யோசிக்கவில்லை. ரிஸ்கெல்தி மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். கராபுகாவை இரண்டு தடவை சொன்னார்.

இலையுதிர்காலம் முடியும் நேரத்தில் சோயுன்பெக் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். நரினில் ஒரு பள்ளிக்கூடத்தின் கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிப் போடுகிற ஆள். அவருக்கு இருந்தது ஒரே ஒரு குதிரை, மஞ்சள் நிறப் பெட்டை. கோடையில் அதன் பாலைப் புளிக்க வைத்து அவர் மனைவி சாலையோரத்தில் விற்பாள். அந்த வீடு அதில்தான் நிமிர்ந்து நின்றது. மேய்ச்சல் மலையிலிருந்து எல்லாக் குதிரைகளும் இறங்கியபோது அது மட்டும் இறங்கவில்லை. தேடிக்கொண்டு போனவர் அதை மமிர்கானின் பட்டியில் கண்டார். மமிர்கான் சண்டை போடவில்லை. பக்கத்தைப் பார் என்று கைபேசியை நீட்டினார். பக்கம் சொன்னது: சொந்தக்காரர் மமிர்கான், கோடையில் வாங்கியது. போலீஸ்காரரும் பக்கத்தைப் பார்த்தார், பார்த்துவிட்டுத் தன் கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ரிஸ்கெல்தி, உன் பக்கம் பொய் சொல்லுது" என்றார் சோயுன்பெக்.

"பக்கம் பொய் சொல்லாது. மனுஷன்தான் மறப்பான்."

"என் குதிரையை நான் வித்தது எனக்கே மறந்துடுமா?"

"ஒரு பாட்டிலுக்கு மேல போனா எனக்கு என் வயசே மறந்துடும்."

"எனக்கு வயித்துப்புண்ணுய்யா. மோரைத் தவிர எதையும் தொடறதில்லன்னு உனக்குத் தெரியும்."

"அப்ப உன் பொண்டாட்டி வித்திருப்பா."

நான் குறுக்கே புகுந்தேன். "பைகே, யாரு மாத்தினாங்கன்னு பிஷ்கெக்ல பதிவாகியிருக்குமே. குல்சுனாய்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா போதும்."

"கேட்கலாம். கேட்டா என்ன அர்த்தம்? என் பூட்டை எவனோ திறந்தான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. அந்த ஏழு பேரையும் சந்தேகப்படச் சொல்றியா?"

"யாரை வேணா சந்தேகப்படு" என்றார் சோயுன்பெக். "பனி இறுகுறதுக்குள்ள கேளு. அவன் குளிர்காலத்துக் கறிக்கு வெட்டிப்புடுவான்."

"பார்க்கலாம், பார்க்கலாம்."

சோயுன்பெக் மறுபடியும் வந்தார். அதற்குப் பிறகும் வந்தார். ஒவ்வொரு தடவையும் நிலக்கரிக் கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் நிற்பார். ரிஸ்கெல்தி ஒவ்வொரு தடவையும் அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். தொலைபேசியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எடுத்தார்.

பனி இறுகியது. மமிர்கான் குளிர்காலக் கறி வெட்டிச் சம்பந்தியை விருந்துக்கு அழைத்தார். ரிஸ்கெல்தி போனார். பெரிய இடத்தில் உட்கார வைத்தார்கள், மரியாதைக்குப் பெரிய எலும்பு வைத்தார்கள். திங்கட்கிழமை ஒரு மூட்டையோடு அலுவலகம் வந்தார். விருந்துக்குப் போனவன் தன் பங்கைக் கொண்டுவந்து, போகாதவர்களோடு பகிர வேண்டும். அதை மறுப்பது மரியாதையில்லை. பலகையில் காஸியை வைத்து வட்டம் வட்டமாக நறுக்கினார். நாங்கள் தேநீரோடு தின்றுகொண்டிருந்தபோது கதவு திறந்தது.

"வா சோயுன்பெக், முதல்ல ஒரு வாய் சாப்பிடு. அப்புறம் சண்டை போடலாம்."

சாப்பாட்டு நேரத்தில் உள்ளே வந்தவன் ஒரு துண்டாவது வாயில் போடாமல் பேச்சைத் தொடங்குவது எங்களிடம் கிடையாது. சோயுன்பெக் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு துண்டு எடுத்தார். மென்றார்.

"கொழுப்பு மஞ்சளா, இறுக்கமா இருக்கு. உசரத்துல மேஞ்ச குதிரை."

"பின்ன? என் குதா வீட்டுக் குதிரைன்னா சும்மாவா?"

சோயுன்பெக்கின் தாடை நின்றது.

"எந்தக் குதிரை?"

"எந்தக் குதிரைன்னு நான் என்ன பார்த்தேன்? வேலியில தோல் காயப்போட்டிருந்துச்சு, மஞ்சளா ஒரு..."

ரிஸ்கெல்தி தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டார். கத்தியைக் கீழே வைத்தார். சோயுன்பெக் துப்பவில்லை. துப்ப முடியாத இடத்துக்கு அது ஏற்கெனவே இறங்கிவிட்டிருந்தது. அவர் எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்தார். பலகையைப் பார்த்தார்.

"இப்பவாவது கேளு" என்றார். குரல் உயரவில்லை.

ரிஸ்கெல்தியின் முகம் சிவந்துவிட்டது. "கேட்கிறேன்யா. பக்கம் சொன்னது சரி, அது அவர் குதிரைதான். உன் முன்னாலயே கேட்கிறேன். அப்புறம் இந்தப் பக்கமே வரக்கூடாது நீ" என்று கொழுப்புக் கையோடு தொலைபேசியை எடுத்தார். குதிரையின் எண்ணைச் சொன்னார். சோயுன்பெக் கதவருகே நின்றார். நான் பக்கத்து மேசை, குல்சுனாயின் குரல் எப்போதும் ஒலிபெருக்கி தேவைப்படாத குரல்.

"இருங்க பைகே, பார்க்கிறேன். ம், கிடைச்சுது. மாத்தினது ரிஸ்கெல்தி."

"எது?"

"பேரு ரிஸ்கெல்தின்னு போட்டிருக்கு. பாஸ்வேர்டும் சரி. ஒரு எழுத்து தப்பாம முதல் தடவையே போட்டிருக்காங்க. நீங்களே நாலு தடவை தப்பாப் போட்டுத்தான் உள்ள வருவீங்க, அதான் எனக்கு வேடிக்கையா இருக்கு. ஆனா வந்த இடம் நரின் இல்ல. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்து இணைப்பு." அவள் கிராமத்தின் பெயரைச் சொன்னாள். "அங்க கம்ப்யூட்டர் வாத்தியார் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?"

ரிஸ்கெல்தியின் கண் காஸிப் பலகைக்குப் போனது.

"பைகே? கேட்குதா? அந்தச் சதவீதக் குறியை இப்பவே எடுத்துடுறேன். நான் அப்பவே சுரங்கம் போடலாம்னு சொன்னேன், நீங்க காஸி அனுப்பிச்சீங்க, எனக்கும் புத்தி இல்ல. மேல கேட்டாங்கன்னா வெளிநாட்டுலேருந்து எவனோ புகுந்துட்டான்னு எழுதிக்கலாம். எல்லா ஆபீஸ்லயும் அப்படித்தான் எழுதுறாங்க. யாரும் போய்ப் பார்க்கப்போறதில்ல."

அவர் தொலைபேசியை மெதுவாக வைத்தார். அவருக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, சம்பந்தியின் பெயர். அந்த வீட்டில் அவர் மகள் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள், வயிற்றில் குழந்தை வேறு. இரண்டாவது, வெளிநாட்டுக்காரன். அவனுக்கு முகமில்லை, குடும்பமில்லை, யாரோடும் பகையில்லை. இவ்வளவு வசதியான குற்றவாளியை நம் காலம்தான் கண்டுபிடித்தது. மூன்றாவது வழி ஒன்று இருப்பதாக எனக்கு அந்த நேரத்தில் தோன்றவே இல்லை.

"யாரு?" என்றார் சோயுன்பெக்.

ரிஸ்கெல்தி கையைத் துணியில் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார்.

"நான்தான் மாத்தினேன்."

"நீயா?"

"பேரு என் பேரு. பூட்டு என் பூட்டு. வேற யாரு?"

போலீஸ் நிலையத்திலும் அதையே சொன்னார். போலீஸ்காரருக்கு அவ்வளவு திருப்தியான வழக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. பதிவில் ரிஸ்கெல்தி, எதிரே ரிஸ்கெல்தி, தாளின் அடியில் ரிஸ்கெல்தி. வந்த இடம் எது என்பதைத் தாளில் எங்கே எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை, எழுதவுமில்லை. பதிவகம் ரிஸ்கெல்தியை வேலையிலிருந்து எடுத்தது. சில மாதங்கள் கழித்து, நரினுக்கு வர வேறு ஆள் கிடைக்காததால், கீழ்ப்பதவியில் திரும்ப வைத்துக்கொண்டது. குல்சுனாய் அரை நாளில் சுரங்கத்தைப் போட்டு முடித்தாள்.

நடந்தது என்ன என்று இன்று நரினில் எல்லோருக்கும் தெரியும். மமிர்கானே கல்யாண வீடுகளில் சொல்கிறார், சிரித்துக்கொண்டே. ரிஸ்கெல்தி மட்டும் சொன்னதை மாற்றவில்லை. மகளுக்காகச் செய்தார் என்று பெண்கள் சொல்கிறார்கள். ஏமாந்தவன் என்று பெயர் எடுப்பதைவிடத் திருடன் என்று பெயர் எடுப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். தன் தகப்பன்மாரின் பெயரை இன்னொருவன் தன் வாயால் சொன்னான் என்பதை ஒப்புக்கொள்ள முடியாத பிடிவாதம் என்று சொல்பவர்களும் உண்டு. இவற்றில் எது உண்மையானாலும் பாராட்டுவதற்கு அதில் பாதிதான் இருக்கிறது. மற்றப் பாதி, பனி இறுகுவதற்கு முன்னால் எடுக்கப்படாத ஒரு தொலைபேசி.

போலீஸ் நிலையத்திலிருந்து வந்த அன்று அவர் தன் கொட்டகைக்குப் போனார். அவரிடம் இரண்டு குதிரைகள் இருந்தன. பந்தயத்துக்கு என்று வளர்த்த கறுப்பு ஆண் ஒன்று, சினையாக இருந்த செம்பழுப்புப் பெட்டை ஒன்று. பெட்டையை அவிழ்த்து ஊர் நடுவே நடத்திக்கொண்டு போய்ச் சோயுன்பெக்கின் வேலியில் கட்டினார். சோயுன்பெக் வெளியே வந்தார். வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. குதிரையின் பல்லைக்கூடப் பார்க்கவில்லை. ரிஸ்கெல்தி திரும்பி வந்து கறுப்புக் குதிரையையும் அவிழ்த்தார், அதையும் கொண்டுபோய்க் கட்டினார். அந்த இரண்டாவது குதிரையை யாரும் கேட்கவில்லை.